இடூனாவின் பின் அறையில் அறுபது டன் மரியாதை

அவைக்குத் தலைமை தாங்கும் நகர மன்றத் தலைவர் அவர்களே. அவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் தூங்கும்போதும் மன்றத்தை நடத்திவரும் நகர மன்றத் தலைவர் அம்மையாரே. கடற்படைக் கட்டுமானத் துறையின் இரண்டாம் நிலை இன்ஜினியர், பொறுப்பு முதல் நிலை இன்ஜினியர், வால்டெமார் ஏகெர்மான் அவர்களே. எங்கள் நீர்வழிகளில் உள்ள பாறைகளை எல்லாம் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த தலைமைக் கப்பல் வழிகாட்டி மத்தியாஸ் ஓபெர்க் அவர்களே. கணவர் காலமாகி இருபது ஆண்டுகள் ஆன பின்னும் அவருடைய பட்டத்தை அணையாமல் காத்துவரும் துணைச் சுங்க மேற்பார்வையாளர் அம்மையாரே. தச்சர்களே, கொல்லர்களே, ஆணி அடித்து அடித்துச் செவி மந்தமான அன்பர்களே, உங்களுக்காகச் சற்று உரக்கவே பேசுகிறேன். இந்தக் கூடத்தின் கடைசியில் காபிப் பாத்திரங்களுக்கும் ஏலக்காய் பன்களுக்கும் ஏழு வகை பிஸ்கட்டுகளுக்கும் காவல் நிற்கும் தாய்மார்களே. அவர்களுக்குத் தலைவியான ஹுல்தா மொதீன் அம்மையாரே. உங்கள் அனைவருக்கும் ஸ்டென்வீக் கப்பல் தளத்தின் வரைபடக் கூடப் பதிவாளனாகிய என் பணிவான வணக்கம்.

ஒருவரை விட்டுவிட்டேன். முன்வரிசையில், இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது நாற்காலியில், கைகளை முழங்கால்கள் மேல் வைத்துக்கொண்டு, பல் பிடுங்கக் காத்திருப்பவர் போல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரை நான் விளிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இந்தக் கூட்டமே அவருக்காகத்தான். அவரை எப்படி விளிப்பது என்பதுதான் இன்றைய உரையின் பொருள். உரை முடிவதற்குள் விளித்துவிடுகிறேன்.

பின்வரிசையிலிருந்து யாரோ "சுருக்கமா" என்கிறார்கள். காபி ஆறிவிடும் என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் மூன்று ஆண்டு தாமதமாக வந்த ஒரு காகிதத்தைக் கொடுப்பதற்கு மூன்று நிமிடம் பேசினால், காகிதத்துக்கே அவமானம் இல்லையா?

அன்பர்களே, நம் கப்பல் இடூனாவைப் பற்றிச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். அவள் பெயரை நம் பழங்கதைகளின் ஒரு தேவதையிடமிருந்து எடுத்தோம். தேவர்களுக்கு ஆப்பிள் கொடுத்து முதுமை வராமல் பார்த்துக்கொண்டவள் அந்த இடூனா. நம்முடைய இடூனா இரும்பு. ஆப்பிள் கொடுக்கவில்லை, பதினாறு ஆண்டுகளில் அவளே முதுமை அடைந்தாள். ஆனால் பிறந்தபோது எப்படிப் பிறந்தாள்?

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்தாம் ஆண்டு, நம் கடற்கரைக்கு ஒரு கவசக் கப்பல் வேண்டும் என்று தலைநகரம் முடிவு செய்தது. உலகத்தின் பெரிய நாடுகள் எல்லாம் பெரிய கப்பல் கட்டிக்கொண்டிருந்த காலம். நாம் சின்னக் கப்பல் கட்டினோம். ஏழ்மையால் என்று சிலர் சொல்வார்கள். இல்லை. நம் கடல் அப்படி. கரையிலிருந்து வெளியே பார்த்தால் கடல் தெரிவதில்லை, கற்கள்தான் தெரிகின்றன. அந்தக் கற்களுக்கு நடுவே ஊசிக்காது என்று ஒரு சந்து. அதில் ஐந்தரை மீட்டர் தண்ணீர். அந்தச் சந்துக்குள் நம் கப்பல் நுழைய வேண்டும், துரத்தி வருகிறவன் கப்பல் நுழையக் கூடாது. இடூனாவின் முழு வடிவமைப்பும் இந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் அதற்கு எழுதிய உரை.

ஆகவே ஐந்து மீட்டர் இருபது என்று அவள் ஆழம் வகுக்கப்பட்டது. தட்டையான வயிறு, தாழ்ந்த தோள், இடுப்பைச் சுற்றி ஒரு சாண் தடிமனுக்கு இரும்புக் கவசம். முன்பக்கத்தில் ஒரு சுழல் கோபுரம், அதில் இரண்டு பெரிய பீரங்கிகள். அந்த பீரங்கிகளின் கனத்தில் மூக்கு தண்ணீரில் அமிழ்ந்தது. என்ன செய்வது? பின் அறையில், இருபத்தைந்து கிலோ கட்டிகளாக, அறுபது டன் வார்ப்பிரும்பை அடுக்கினார்கள். மூக்கு எழுந்தது. இடூனா நேராக நின்றாள். அந்த இரண்டாயிரத்து நானூறு கட்டிகளையும் தன் கையால் எண்ணி அடுக்கியவர் அன்றைய மேஸ்திரி எஸ்கில் நோர்டீன். மூன்றாவது நாற்காலி. அவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள், அவருக்குப் பிடிக்காது.

பதினாறு ஆண்டுகள் கழித்து அவளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். தலைநகரத்திலிருந்து முப்பத்தொரு வயது இன்ஜினியர் ஏகெர்மான் வந்தார். ஐம்பத்திரண்டு வரைபடங்கள் கொண்டுவந்தார். அவற்றை நகல் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவ்வளவு சுத்தமான கோடுகளை நான் கண்டதில்லை. கனமான இரட்டை பீரங்கிக்குப் பதிலாக நீளமான ஒற்றை பீரங்கி. பக்கங்களில் ஆறு சிறிய பீரங்கிகள். பழைய கொதிகலன்கள் போய்ப் புதியவை. புகைபோக்கி இரண்டு மடங்கு உயரம். அந்தப் புகைபோக்கியை முதலில் பார்த்த ஹுல்தா அம்மையார் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"பழசு நம்ம ஊர் ஆள் மாதிரி குட்டையா, அகலமா இருந்துச்சு. இது ஸ்டாக்ஹோம்காரன் மாதிரி நிக்குது. நம்மளப் பாக்கவே மாட்டேங்குது."

நல்ல வரைபடம், நல்ல மேஸ்திரி, நல்ல இரும்பு. பின் எங்கே தவறு நடந்தது? பட்டத்தில் நடந்தது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். உடன்பிறந்தவனையும் குழந்தையையும் கடவுளையும் தவிர வேறு யாரையும் நாம் "நீ" என்று அழைப்பதில்லை. "நீங்கள்" என்று அழைப்பது அதைவிட மோசம். அது வேலைக்காரரை விரட்டும் சொல். ஆகவே எதிரே இருப்பவரையே படர்க்கையில் வைத்து, பட்டத்தால் அழைக்கிறோம். "இன்ஜினியர் இன்னொரு கப் காபி குடிப்பாரா?" என்று இன்ஜினியரிடமே கேட்கிறோம். "இன்ஜினியர் குடிப்பார்" என்று அவரும் தன்னைப் பற்றித் தகவல் தருகிறார். அழகான ஏற்பாடு. ஒரே ஒரு குறை. எதிரே இருப்பவரின் பட்டம் தெரியாவிட்டால், அவருக்குக் காபி கிடைக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்தொன்று, கிறிஸ்துமஸ் காபி. அன்றைய தளத் தலைவர் எழுந்து, நம் மேஸ்திரியைத் தலைமை மேஸ்திரியாக உயர்த்த அரசு முடிவு செய்துவிட்டது, காகிதம் வந்துகொண்டிருக்கிறது என்று அறிவித்தார். கை தட்டினோம். ஜனவரி வந்தது. காகிதம் வரவில்லை. மார்ச் வந்தது, பனி உருகியது, இன்ஜினியர் வந்தார். காகிதம் வரவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அவரை "மேஸ்திரி" என்று அழைத்தால், அரசு உயர்த்தியவரை நாம் இறக்குகிறோம். "தலைமை மேஸ்திரி" என்று அழைத்தால், மன்னர் போடாத கையெழுத்தை நாம் போடுகிறோம். ஒன்று அவமதிப்பு, மற்றொன்று குற்றம். ஊரே என்ன செய்தது? விழுங்கியது. அவரைக் கண்டால் இருமியது, தொப்பியைத் தொட்டது, வானிலையைப் பற்றிப் பேசியது. வானிலைக்குப் பட்டம் தேவையில்லை.

இன்ஜினியர் இளைஞர், ஒழுங்கானவர். அவரும் விழுங்கினார். "இந்தத் தகடு வளைக்கப்பட வேண்டியிருக்கு" என்பார். யார் வளைப்பது? அது தகட்டுக்கும் கடவுளுக்கும் இடையிலான விஷயம். இரண்டு வாரம் பார்த்தார் நம்மவர். பிறகு தானும் தொடங்கினார். ஒருநாள் நான் கேட்டேன், எப்படிக் கேட்பது என்று தெரியாமல், சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

"இன்ஜினியருக்குப் பட்டம் இருக்கே. ஏன் சொல்றதில்ல?"

"அவரு என் பட்டத்த விழுங்குறாரு. நான் அவரோடத விழுங்குறேன். ரெண்டு பேருக்கும் வயிறு நெறையட்டும்."

இப்படிப் பதினேழு மாதங்கள். எழுவாய் இல்லாமல் ஒரு போர்க்கப்பல் புதுப்பிக்கப்பட்டது. "சட்டம் எழுப்பப்பட்டாச்சு." "கொதிகலன் இறக்கப்படணும்." "துளை போடப்பட்டிருக்கு, ஆனா தப்பான எடத்துல போடப்பட்டிருக்கு." வேலை நடந்ததா என்றால், நடந்தது. நன்றாகவே நடந்தது. ஆள் இல்லாத வாக்கியங்களால் எவ்வளவு இரும்பைத் தூக்க முடியும் என்பதற்கு நாம் அன்று ஓர் எடுத்துக்காட்டாக இருந்தோம்.

பீரங்கி மாறியது என்று சொன்னேன் அல்லவா? முன்பக்கம் கனம் குறைந்துவிட்டது. அப்படியானால் பின் அறையில் இருந்த அறுபது டன் எதற்கு? எடுக்க வேண்டும். நாற்பத்தோராம் வரைபடத்தில் அது தெளிவாக இருக்கிறது. ஜூன் மாதம், பின் அறைப் படிக்கட்டில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். நான் மூன்று படி மேலே, கையில் பதிவேட்டோடு நின்றேன்.

இன்ஜினியர் சொன்னார்: "பின் அறை இரும்பு எடுத்தாச்சு."

நம்மவர் சொன்னார்: "எடுத்தாச்சு."

இருவரும் திருப்தியாகத் தலையசைத்துப் பிரிந்தார்கள். நான் பதிவேட்டில் எழுதினேன்: "பின் அறை இரும்பு அகற்றப்பட்டதாக அறியப்படுகிறது." இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. இன்றும் பார்க்கலாம்.

மறுவாரம் தச்சர்கள், உள்ளே இருப்பது இருக்க வேண்டியதுதானா என்று யாரையும் கேட்காமல், அந்த அறைக்குப் பலகை பாவி மூடினார்கள்.

ஆகஸ்ட். புதன்கிழமை இடூனாவை உலர் தளத்திலிருந்து தண்ணீருக்குக் கொண்டுவந்தோம். வெள்ளிக்கிழமை நாடாளுமன்றக் குழு வருகிறது. சனிக்கிழமை குழுவை ஏற்றிக்கொண்டு அவள் ஊசிக்காதைக் கடக்க வேண்டும். கடந்தால், அவளைப் போலவே கட்டிய இரண்டு சகோதரிகளும் புதுப்பிக்க நம் ஊருக்கே வருவார்கள். கடக்காவிட்டால், குழு தன் அறிக்கையில் எழுதவேண்டியதை முன்பே எழுதி வைத்திருந்தது: உடைத்து விற்கலாம். இடூனாவை உடைத்தால் தளத்தை மூடுவார்கள். தளத்தை மூடினால் நம்மில் முந்நூறு குடும்பங்கள் என்ன செய்யும்? மீன் பிடிக்கும். மீனுக்கு நம்மைப் பிடிக்க வேண்டுமே.

வியாழக்கிழமை காலை. கப்பலின் பின்பக்கத்தில் ஆழம் காட்டும் வெள்ளை எண்கள் இருக்கின்றன. அவற்றைப் படிக்க இருவரும் ஒரே படகில் போனார்கள். படகு தள்ளியவன் நான்.

"அஞ்சு அம்பத்தஞ்சு," என்றார் நம்மவர்.

"அஞ்சு இருபது இருக்கணும்."

"இருக்கணும். இல்ல."

இன்ஜினியர் கையை நீட்டி எண்ணின் மேலிருந்த ஈரத்தைத் துடைத்தார்.

"இரும்பு எடுத்தாச்சுன்னு சொல்லப்பட்டதே," என்றார் இன்ஜினியர்.

"யாரு சொன்னது? எடுத்தாச்சுன்னு அங்கேருந்துதான் வந்துச்சு."

"அது கேள்வி."

"கேள்வியா?"

"எடுத்தாச்சான்னு கேட்டேன். எடுத்தாச்சுன்னு பதில் வந்துச்சு."

நம்மவர் தொப்பியைக் கழற்றினார். "பதில் இல்ல. நானும் கேள்விதான் கேட்டேன்."

அன்பர்களே, வரலாற்றில் எத்தனையோ கப்பல்கள் புயலால் கெட்டிருக்கின்றன, தீயால் கெட்டிருக்கின்றன, எதிரியால் கெட்டிருக்கின்றன. ஒன்றையொன்று பதில் என்று நினைத்துக்கொண்ட இரண்டு கேள்விகளால் கெட்ட கப்பல் நமது ஒன்றுதான். இரண்டில் ஒன்றுக்காவது ஓர் ஆள் இருந்திருந்தால்? "எடுத்தாயா" என்று ஒருவர் கேட்டிருந்தால்? "நீ எடு" என்று ஒருவர் சொல்லியிருந்தால்? மூன்றே எழுத்துகள். அந்த எழுத்துகள் இல்லாத இடத்தில் அறுபது டன் உட்கார்ந்திருந்தது.

நம்மவரின் முகத்தை நான் அன்று பார்த்தேன். அந்தக் கப்பலின் முதல் ஆணியை அடித்தவர் அவர். ஐந்து நாற்பது, ஐந்து ஐம்பது, ஐந்து ஐம்பத்தைந்து என்று எண்களை மீண்டும் மீண்டும் கீழிருந்து மேலாகப் படித்தார், ஒருமுறையாவது குறைத்துக் காட்டாதா என்பது போல. பிறகு படகின் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு நாள் இருக்கு. பலகைய உடைக்கணும்."

"உடைக்கப்படணும்," என்றார் இன்ஜினியர்.

அந்த நாளை நான் உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள். பலகையைப் பிளந்தோம். பின் அறையின் மூலைகளிலிருந்து மேல்தட்டு வாய்த்திறப்பின் அடி வரை ஒரு மனிதச் சங்கிலி. கீழே கூடையில் இருபது கட்டி, பாரந்தூக்கி மேலே இழுக்கும், கரையில் மறுசங்கிலி. நூற்றிருபது கூடை. அந்தச் சங்கிலியில் யார் நிற்கவில்லை? நகர மன்றத் தலைவர் நின்றார். பாதிரியார் நின்றார். துணைச் சுங்க மேற்பார்வையாளர் அம்மையார் கையுறையைக் கழற்றிவிட்டு நின்றார். கழற்றியதை நான் பார்த்தேன், அம்மா, இரண்டு கையுறைகளையும்.

ஆனால் சங்கிலி மெதுவாக நகர்ந்தது. ஏன்? ஒவ்வொரு கட்டியும் பட்டத்தோடு கைமாறியது. "நகர மன்றத் தலைவர் இதைப் பெற்றுக்கொள்வாரா?" "தலைவர் பெற்றுக்கொள்வார். அம்மையார் காலை நகர்த்துவாரா?" இந்த வேகத்தில் போனால் அடுத்த புதன்கிழமைதான் முடியும் என்று வழிகாட்டி ஓபெர்க் கணித்தார். அவர் பாறைகளிலேயே தவறாதவர், மனிதர்களில் எப்படித் தவறுவார்?

மதியம். பத்தொன்பதாவது கூடை. நம்மவர் கீழே, வாய்த்திறப்புக்கு நேர் அடியில், அடுத்த கூடைக்காகக் குனிந்து கட்டிகளை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். இன்ஜினியர் மேலே, விளிம்பில். அரை டன் இரும்போடு கூடை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பக்கக் கயிறு கொக்கியிலிருந்து நழுவத் தொடங்கியதை மேலிருந்து பார்த்தவர் இன்ஜினியர் ஒருவரே.

அவர் வாயைத் திறந்தார். "தலை..." என்று தொடங்கினார். நிறுத்தினார். "மேஸ்..." என்றார். நிறுத்தினார். அரசாங்கம் இன்னும் முடிவு செய்யவில்லை. கயிறு முடிவு செய்துவிட்டது.

"எஸ்கில்! நகருடா!"

நம்மவர் நகர்ந்தார். இருபது கட்டிகளும் அவர் நின்ற இடத்தில் விழுந்தன. அவருடைய இடது காலணியின் குதிகாலை ஒரு கட்டி வெட்டிக்கொண்டு போனது. அவருடைய சொந்தக் குதிகால் அதோடு போகவில்லை.

சங்கிலி முழுதும் உறைந்து நின்றது. நூற்று அறுபது பேர். இரும்பு விழுந்ததற்காக நாம் உறையவில்லை என்பதை இன்று மூடி மறைக்க வேண்டாம். அந்த "டா"வுக்காக உறைந்தோம். துணைச் சுங்க மேற்பார்வையாளர் அம்மையார் கையிலிருந்த கட்டியை நழுவவிட்டார், பாதிரியாரின் காலில்.

நம்மவர் ஏணியில் ஏறி வந்தார். தலை முதல் கால் வரை துருவும் கரியும். ஒரு கால் உயரம், ஒரு கால் தாழ்வு. இன்ஜினியரின் எதிரே வந்து நின்றார்.

"இப்ப என்ன சொல்லப்பட்டது?"

"நகரச் சொல்லி," என்றார் இன்ஜினியர். முகம் சுண்ணாம்பு போல் இருந்தது.

"அதுக்கு முன்னாடி."

"எஸ்கில்னு."

"அதுக்குப் பின்னாடி?"

இன்ஜினியர் தண்ணீரைப் பார்த்தார், புகைபோக்கியைப் பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார். "டா-ன்னு," என்றார்.

நம்மவர் குதிகால் போன காலணியைக் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார், "எனக்கு வயசு அறுபத்திரெண்டு. மொதல்ல நீன்னு சொல்ற உரிமை மூத்தவனுக்கா, பட்டத்துல பெரியவனுக்கா?"

"வழக்கப்படி மூத்தவருக்கு."

"அப்ப நீ முந்திக்கிட்ட." அவர் கையைக் கால்சட்டையில் துடைத்தார். துடைத்ததில் கை இன்னும் கறுத்தது. நீட்டினார். "எஸ்கில்."

"வால்டெமார்."

"வா, வால்டெமார். காபி ஆறுது."

இப்படி "நீ" என்று சேர்வதற்குக் கைகோத்து மது அருந்த வேண்டும் என்பது விதி. நம்மவர் மதுவிலக்குச் சங்கத்தின் உறுப்பினர். ஆகவே ஹுல்தா அம்மையாரின் காபியையே கைகோத்துக் குடித்தார்கள். காபியால் "நீ" செல்லுமா என்று ஊரில் இரண்டு கட்சி உண்டானது. பாதிரியார் கால் கட்டோடு மூன்று வாரம் யோசித்து, செல்லும், ஆனால் சர்க்கரை போட்டிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். போட்டிருந்தார்கள். நான் சாட்சி.

அதற்குப் பிறகு அந்தக் கப்பலில் நான் கேட்டதை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். "நீ கொக்கியப் பிடி, நான் கயிற இழுக்கறேன்." "நீ எண்ணு." "நான் எண்ணிட்டேன், நீ வாய மூடு." பதினேழு மாதத்தில் முதல்முறையாக அந்தத் தளத்தில் எழுவாய்கள் ஒலித்தன. நோய் சங்கிலிக்கும் தொற்றியது. கொல்லர் ஒருவர் நகர மன்றத் தலைவரைப் பார்த்து, "யோவ், இந்தா பிடி" என்றார். தலைவர் பிடித்தார். யார் அந்தக் கொல்லர் என்று இன்றுவரை தலைவர் விசாரிக்கவில்லை. பெருந்தன்மை என்கிறோம், அவர் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார் என்பதே உண்மை.

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு நூற்றிருபதாவது கூடை ஏறியது. படகில் போய் எண்ணைப் படித்தோம். ஐந்து இருபது. ஞாயிறு காலை எல்லோரும் பட்டங்களை மீண்டும் அணிந்துகொண்டு தேவாலயத்துக்கு வந்தோம். அது வேறு விஷயம்.

இடையில் சனிக்கிழமை இருக்கிறது. அன்று வானம் நீலம், காற்று இல்லை, காற்றழுத்தமானி உச்சத்தில். சுற்றுலா போகிறவனுக்கு நல்ல நாள். நம் கடலுக்குக் கெட்ட நாள். அப்படிப்பட்ட வானிலையில் தண்ணீர் தாழும். ஊசிக்காதின் வாயில் பாறையில் வரைந்த அளவுகோல், வழக்கத்தைவிட இருபத்திரண்டு சென்டிமீட்டர் குறைவு என்று காட்டியது. ஐந்து இருபத்தெட்டு தண்ணீர். ஐந்து இருபது கப்பல். நடுவே எட்டு சென்டிமீட்டர், ஒரு கையின் அகலம். வியாழன் காலை அவள் நின்ற ஆழத்தில் வந்திருந்தால், இந்நேரம் ஊசிக்காதில் இன்னொரு தீவு இருந்திருக்கும், அதில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூவர் குடியிருந்திருப்பார்கள்.

குழு உறுப்பினர் ஒருவர் வழிகாட்டியிடம் வந்தார். "தலைமை வழிகாட்டி சொல்வாரா, கீழ எவ்வளவு தண்ணி இருக்கு?"

"போதும்."

"போதும்னா எவ்வளவு?"

"கப்பலுக்குப் போதும். உறுப்பினர் கேட்டா பத்தாது."

இயந்திரத்தை மிக மெதுவான சுழற்சிக்குக் குறைத்தார் ஓபெர்க். இருபுறமும் பாறை, கைநீட்டினால் தொடலாம். பாறை மேல் ஒரு நீர்க்காகம் எங்களைப் பார்த்தது, நகரவில்லை. பின்விளிம்பில் இருவர் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்த்தார்கள். ஒருவர் முதல் ஆணி அடித்தவர், மற்றவர் கடைசிக் கோடு வரைந்தவர். கலங்கிய சேறு கொதித்து மேலே வந்தது.

"தொடுதா?" என்றார் வால்டெமார்.

"தொடல. நீ மூச்ச விடு."

"நீ விட்டியா?"

"சந்து முடியட்டும், விடறேன்."

சந்து முடிந்தது. விட்டார். அந்தப் பெருமூச்சைக் கேட்டுத்தான் நீர்க்காகம் பறந்தது.

சகோதரிகள் இருவரும் இப்போது நம் தளத்தில் நிற்கிறார்கள், சாளரம் வழியாகத் தெரிகிறார்கள். உங்கள் கதவுகளுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் வார்ப்பிரும்புக் கட்டிகளைப் பற்றித் தளம் உத்தியோகபூர்வமாக ஒன்றும் அறியாது. குழுவின் அறிக்கையும் வந்தது. "கப்பல் சந்தைத் திருப்திகரமாகக் கடந்ததாகக் காணப்படுகிறது." யாரால் காணப்படுகிறது? கேட்காதீர்கள். தலைநகரத்துக்கு இன்னும் காபி போய்ச் சேரவில்லை.

கவசம் என்றால் என்ன, அன்பர்களே? குண்டைத் தடுப்பது கவசம். இடூனாவின் இடுப்பில் ஒரு சாண் இரும்பு இருக்கிறது, அது வேண்டும். நம் இடுப்பிலும் ஒரு கவசம் இருக்கிறது. மூன்று தலைமுறைத் தடிமன். அது குண்டைத் தடுத்து நான் பார்த்ததில்லை. குரலைத் தடுத்துப் பார்த்திருக்கிறேன். எதிரி வந்தபோது அல்ல, நண்பன் கத்தியபோது தடுத்தது. அதைக் கழற்றிக் கடலில் போடுங்கள் என்று சொல்ல நான் இங்கே ஏறவில்லை. நகர மன்றத் தலைவர் அம்மையார் என்னைப் பார்க்கும் பார்வையில், அப்படிச் சொன்னால் இறங்க முடியாது என்றும் தெரிகிறது. பின் அறையில் எவ்வளவு அடுக்கியிருக்கிறோம் என்று அவ்வப்போது பலகையைத் தூக்கிப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். முன்னே பீரங்கி மாறிவிட்டால், பின்னே இரும்பு எதற்கு?

கை தட்டாதீர்கள், காகிதம் பாக்கி இருக்கிறது.

போன வாரம் வந்தது. முத்திரை இருக்கிறது, நாடா இருக்கிறது. தலைமை மேஸ்திரி என்னும் பட்டம் "அருளப்படுகிறது" என்று இருக்கிறது. இதை மேடையில் படித்துக் கொடுக்கும் பொறுப்பை எனக்கு அளித்தார்கள். இன்று காலை உரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்தார்.

"எவ்வளவு இருக்கும்?"

"பத்து கிராம் இருக்கலாம்," என்றேன்.

"அப்ப பின் அறையிலயே வெச்சிடலாம். கப்பல் தாங்கும்."

பிறகு எனக்கு ஒரு கோப்பையில் காபி ஊற்றினார். சர்க்கரைக் கட்டியைப் போட்டார், கேட்காமலே. முப்பத்தொரு ஆண்டுகளாக ஒரே தளத்தில் வேலை செய்கிறோம். அவரைச் சுவரைப் பார்த்தும், தண்ணீரைப் பார்த்தும், பதிவேட்டைப் பார்த்தும் விளித்திருக்கிறேன். அவர் தன் கோப்பையை என் கோப்பையோடு தட்டிவிட்டுக் கேட்டார்:

"மேடையில ஏறி என்னை எப்படிக் கூப்பிடப் போற?"

போற. கேட்டீர்களா? போகிறார் இல்லை, போகப்படுகிறது இல்லை. போற.

ஆகவே, தலைவர் அவர்களுக்கும் அம்மையாருக்கும், ஆணி அடித்த கைகளுக்கும் காபி ஊற்றும் கைகளுக்கும், இவ்வளவு நேரம் பொறுத்த பின்வரிசைக்கும் என் நன்றி. தொடக்கத்தில் விட்டுப்போன ஒரே ஒரு விளியோடு என் உரையை முடிக்கிறேன்.

எஸ்கில், இது உனக்கு வந்திருக்கிறது. நீ வந்து வாங்கிக்கொள்.